குடிநீர்க் குழாயில் மோட்டார் போடுகிறவர்களுக்கு

தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, பக்கத்து வீட்டில் மோட்டார் உறும ஆரம்பிக்கிறது, அப்புறம் எதிர் வீடு, அப்புறம் அதற்கடுத்த வீடு. தெருக் கடைசியில் இருக்கும் எங்கள் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. கேட்டால் "நீங்களும் ஒன்று வாங்கிப் போடுங்களேன்" என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மேல்நிலைத் தொட்டியை அவ்வளவு உயரத்தில் கட்டுவதே தண்ணீர் தானாக இறங்கி எல்லா வீட்டுக்கும் போகத்தான். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். அதில் ஒரு பங்கு வழியெல்லாம் குழாயோடு உராய்ந்தே போய்விடும். ஒரே குழாயில் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கானால் உராய்வில் போவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு! நாலு மோட்டார் சேர்ந்து இழுத்தால் கடைசி வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

சரி, எனக்கு வராதது போகட்டும். இழுக்கிறவர்கள் எதைக் குடிக்கிறார்கள்? மண்ணுக்குள் பதித்த குழாயில் எங்காவது ஓர் இணைப்பு கசியத்தான் செய்யும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை நல்ல தண்ணீர் வெளியே போகும், நஷ்டம்தான், நோய் வராது. மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடலாம், அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கி நிற்பதெல்லாம் உள்ளே வரும். பாதாளச் சாக்கடைக் குழாயும் அதே தெருவில்தான் ஓடுகிறது, அதுவும் கசிகிறது. குடிநீர்க் குழாயை அதற்கு மேலேயும் தள்ளியும் பதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குளோரின் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். குழாய்க் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும் என்பது நல்ல தண்ணீர் கெடாமல் வந்து சேர்வதற்கான கணக்கு, சாக்கடை கலந்தால் அது தாக்குப்பிடிக்காது. போன மாதம் தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது, இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. திட்டு வாங்கியது தண்ணீர் திறந்துவிடுகிறவர். மோட்டாரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. (நாள் முழுக்கத் தராமல் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் விடுவதாலும் இதே கோளாறு வரும், அது தனிச் சண்டை.)

மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரைக்குள் ஒரு தொட்டி கட்டி, தானாக வந்து விழுகிற தண்ணீரை அதில் பிடித்து, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுங்கள். தொட்டி எவ்வளவு நிரம்பினாலும், தெருவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாயின் வாய் அதில் முங்கக் கூடாது. தெருக் குழாயில் மட்டும் மோட்டாரை வைக்காதீர்கள், நாளைக் காலையிலேயே கழற்றிவிடுங்கள்.