துப்பல் எம்.பி. என்று சிரித்தவர்களுக்கு

சரி, நேற்று நடந்ததைப் பார்த்தீர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஆரம்ப காலத்தில் உறுப்பினராக இருந்த மேத்யூ லயனைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து இங்கே ஒரு பதிவு எழுதினேன். வந்ததெல்லாம் சிரிப்புப் பொம்மை. "ஓ, அந்தத் துப்பல் எம்.பி.யா?" என்று ஒரு நண்பர் கதையை முடித்தே விட்டார்.

துப்பினார்தான். 1798 ஜனவரியில், பிலடெல்பியாவில், சபைக்குள்ளேயே, கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்டின் முகத்தில். நான் இல்லையென்றேனா? புரட்சிப் போர்க் காலத்தில் லயன் பட்டாளத்திலிருந்து நீக்கப்பட்ட பழங்கதையைக் கிளறி, கோழைக்குத் தரும் மரவாள் என்று குத்திக்காட்டியது யார்? இரண்டு வாரம் கழித்து, உட்கார்ந்திருந்த மனுஷனைக் கைத்தடியால் அடித்தது யார்? லயன் கணப்படுப்பு இடுக்கியைத் தூக்கியது அதற்கப்புறம்தான். கிரிஸ்வோல்ட் பிற்பாடு கவர்னரே ஆனார். அவரைத் 'தடி கவர்னர்' என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

துப்பியது தப்பில்லையா என்பீர்கள். தப்பு. போதுமா?

அயர்லாந்திலிருந்து கப்பல் கூலிக்குக்கூட வழியில்லாமல், உழைத்துக் கழிக்கிறேன் என்று வந்த பையன். வெர்மாண்ட் மாநிலச் சட்டமன்றம், அப்புறம் காங்கிரஸ். அதிபர் ஆடம்ஸுக்கு ஆடம்பர ஆசை என்று எழுதியதற்காக, அதே 1798இல் தேசத்துரோகச் சட்டத்தில் நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். வழக்குக்குக் காரணமான கடிதம், சட்டம் வருவதற்கு முன்பே எழுதியது! சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். சபையிலிருந்து வெளியேற்றப் பார்த்தார்கள்; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. 1801இல் அதிபர் தேர்தல் சமமாகிச் சபைக்கு வந்து, மாநிலத்துக்கு ஒரு வாக்கென்று நடந்தபோது, முப்பத்தாறாவது சுற்றில் வெர்மாண்ட் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவரும் இவரே.

"எல்லாம் விளம்பரம்" என்கிறார் ஒருவர். வெர்மாண்ட் குளிரில் நான்கு மாதம் ஜெயில், விளம்பரமாம். நல்லது சார்.

எங்கள் தாத்தா ஊர்க் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை காபி டம்ளரை விட்டெறிந்தார். ஊர்க் கிணற்றுக்கு மூன்று சென்ட் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் 'டம்ளர்காரர் பேரன்'. சொல்வது யார்? அந்தக் கிணற்றில் இறைத்துக் குடித்தவர்கள். அத்தையைப் பற்றி ஒருத்தன் நாக்கூசாமல் பேசினான், அதற்குத்தான் எறிந்தார். அது மட்டும் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

லயன் 1822இல் செத்துப்போனார். 1840இல் காங்கிரஸ் அபராதத்தை வட்டியோடு வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதையும் நேற்றே எழுதியிருந்தேன், நாலாவது பத்தியில். அவ்வளவு தூரம் யார் வந்தீர்கள்?

சிரிப்புப் பொம்மையை எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.