கோட்டு போட்ட பையன் என்ன பாவம் பண்ணான்?

ரெண்டு நாளா என் டைம்லைன் முழுக்க அந்தப் படம்தான். எதைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். மக்கெரெரே பல்கலைக்கழகப் பட்டமளிப்பு, கோட்டு சூட்டு, அதுக்கு மேல கறுப்பு அங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு உகாண்டாப் பையன். அந்தப் படத்தைப் போட்டு நம்ம அண்ணன் ஒருத்தர் எழுதியிருந்தது: "விவசாயம் படிக்க ஸ்காலர்ஷிப்பு. முடிச்சதும் ஏசி ரூமு. அப்போ மண்வெட்டி பிடிக்கிறது யாரு?" கீழ சிரிப்பு எமோஜி வரிசை கட்டி நிக்குது. சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு எனக்கும் நண்பர்கள். நல்லா இருங்க.

ஒரே ஒரு கேள்வி. ஸ்காலர்ஷிப்ல சிவில் இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட "ஏம்ப்பா நீ செங்கல் சுமக்கலை?"ன்னு யாராவது கேட்டிருக்கோமா? விவசாயம் படிச்சவன் மட்டும் அங்கியைக் கழட்டின கையோட சேத்துல எறங்கி நிக்கணும். இல்லன்னா அவன் ஏமாத்துக்காரன், காசு கொடுத்தவன் ஏமாளி.

நான் உகாண்டாத் தலைநகர் கம்பாலாவுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பொழப்பு விதைக் கம்பெனியில. ஊரு ஆத்தூர்ப் பக்கம், அப்பாவுக்கு குச்சிக்கிழங்குக் காடு, அதாங்க மரவள்ளி. இங்க வந்தா இங்கயும் குச்சிக்கிழங்கு. அதே தேமல் நோய், அதைப் பரப்புற அதே வெள்ளை ஈ. அது பத்தாதுன்னு நம்ம ஊருல இல்லாத இன்னொரு சனியன் வேற: பழுப்புக் கோடு நோய். செடி மேல பச்சைப்பசேல்னு நிக்கும். புடுங்கி கிழங்கை வெட்டினாத்தான் உள்ள தக்கை மாதிரி காஞ்சு, பழுப்பா அழுகியிருக்கிறது தெரியும். வருஷம் பூரா காத்திருந்த குடும்பம் அந்த வெட்டுன கிழங்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறதை நான் பார்த்திருக்கேன். அதுக்குப் பேரு சொல்ல, எதிர்ப்பு இருக்கிற ரகம் எதுன்னு தேட, மண்வெட்டி போதாதுங்க அண்ணே.

நமுலோங்கே ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் ஒரு பொண்ணைத் தெரியும். லிரா பக்கத்துல ஒரு கிராமம், ஸ்காலர்ஷிப்லதான் மேல படிச்சா. ஒருநாள் காலையில ஆறரைக்குக் கூட்டிட்டுப் போனா. வெயில் ஏறிட்டா வெள்ளை ஈ பறந்துடுமாம். செடி உச்சியில இருக்கிற அஞ்சு இலையை ஒவ்வொண்ணா, காம்பைப் புடிச்சு, தூங்குற குழந்தையைத் திருப்புற மாதிரி மெதுவாத் திருப்பி, அடியில ஒட்டியிருக்கிற ஈயை எண்ணி எழுதுறா. ஒரு செடி முடிஞ்சா அடுத்த செடி. நான் பத்தாவது செடியிலயே கைவிட்டேன், கழுத்து வலி. அவ பாத்தி முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தா. மதியம் ஏசி ரூமுக்குத்தான் போனா, கம்ப்யூட்டர்ல ஏத்தணுமே. போட்டோ எடுத்திருந்தா அண்ணனுக்கு இன்னொரு பதிவு ஆகியிருக்கும்.

"படிச்சவங்க யாரும் ஊர் திரும்புறதில்லை"ன்னு ஒரு கமெண்ட், இருநூறு லைக்கோட. திரும்ப வைக்கிற மாதிரியே அமைச்சிருக்காங்க, தெரியுமா? கானா பல்கலைக்கழகத்தோட லெகான் வளாகத்துல, புதுப் பயிர் ரகம் உருவாக்குற துறையில பிஎச்டி கொடுக்குற மையம் ஒண்ணு இருக்கு, 2007-ல ஆரம்பிச்சது. முதல்ல அங்க பாடம். அப்புறம் அவங்கவங்க நாட்டுல, அந்த மண்ணுல, அந்த ஊர் சாப்பிடுற பயிர்ல ஆராய்ச்சி. தென்னாப்பிரிக்காவுல குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துலயும் இதே ஏற்பாடுதான். கோஸ்டாரிகாவுல எர்த்னு ஒரு விவசாயப் பல்கலைக்கழகம். மாஸ்டர்கார்டு அறக்கட்டளை 2012-ல ஆரம்பிச்ச ஸ்காலர்ஷிப்ல ஆப்பிரிக்கப் பசங்க அங்க போய்ப் படிச்சிருக்காங்க. முதல்ல ஸ்பானிஷ் கத்துக்கணும். காலையில பூட்ஸ் மாட்டிக்கிட்டு வயலுக்குப் போகணும். நாலஞ்சு பேரு சேர்ந்து ஒரு தொழில் நடத்தணும், பல்கலைக்கழகமே கடன் கொடுக்கும், கணக்கு எழுதி கடனை அடைச்சுட்டு மிச்ச லாபத்தைப் பிரிச்சுக்கலாம். நான் படிச்ச காலேஜ்ல எனக்கு யாரும் கணக்கு எழுதக் கத்துக்கொடுக்கலை. பூச்சிக்கு லத்தீன் பேரு மட்டும் இன்னும் மனப்பாடம்.

சரி, திரும்பாதவங்களும் இருக்காங்க. ஒத்துக்கிறேன். எத்தியோப்பியாவுல பொறந்த சோள விஞ்ஞானி கெபிசா எஜெட்டா இன்னைக்கும் அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துலதான் இருக்கார். ஆனா சூடானுக்கு அவர் உருவாக்குன வீரிய ஒட்டுச் சோளம் 1983-ல வெளிவந்துடுச்சு. நம்ம ஊர்ல சுடுமல்லின்னு சொல்றோமே, சோள வேரை உறிஞ்சுற களை, அதைத் தாங்குற சோளமும் அவர் குழு கொடுத்தது. 2009-ல உலக உணவுப் பரிசு. ஓலைக் குடிசையில பொறந்து இருபது கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனவர். அவரும் போட்டோவுல கோட்டுதான் போட்டிருக்கார். சிரிங்க.

"நீ விதைக் கம்பெனிக்காரன், அப்படித்தான் பேசுவே." வருவீங்கன்னு தெரியும். ஆமா, விதைதான் விக்கிறேன். காசு கொடுக்குற அறக்கட்டளைக்கு உள்நோக்கம் இருக்கான்னா, இருக்கலாம். சில பாடத்திட்டத்தைப் பார்த்தா எனக்கே சந்தேகம் வரும், அதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆனா போன மாசம் முளைப்புத்திறன் குறைவுன்னு சோதிச்சுப் பார்த்து எங்க மூட்டையைத் திருப்பி அனுப்பினான் ஒரு பையன். எங்க ஆபீஸ்ல அன்னைக்கு யாரும் சரியாச் சாப்பிடலை. அவனும் ஸ்காலர்ஷிப்தான்.

"நம்ம பசங்களுக்கே ஸ்காலர்ஷிப் இல்லை"ன்னு வர்றவங்களுக்குப் பதில் சொல்லப் போறதில்லை. வேற பதிவுல பார்ப்போம்.

அண்ணன் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பையன் நிஜமாவே மண்வெட்டி பிடிக்கணும்னு நினைச்சாலும் எங்க போய்ப் பிடிப்பான்? நிலம் அப்பா பேருல, இல்லன்னா பெரியப்பா பேருல. பொண்ணுங்களுக்கு அதுவும் இல்லை, புருஷன் வீட்டு நிலத்துலதான் பாடு. பேங்க் வட்டி 18, 20 சதவீதம். எந்தப் பயிர் அதைத் தாங்கும்? 2003-ல மபூட்டோவுல பட்ஜெட்ல 10 சதவீதம் விவசாயத்துக்குன்னு ஆப்பிரிக்கத் தலைவர்கள் சத்தியம் பண்ணாங்க. 2014-ல மலாபோவுல மறுபடி அதே சத்தியம். அந்த அளவை எட்டின நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம். 2025 ஜனவரியில இங்க கம்பாலாவுலயே இன்னொரு பிரகடனம், டிராஃபிக்ல மாட்டினது எனக்கு மிச்சம். அவங்களை விட்டுட்டு, பட்டம் வாங்கின அன்னைக்கு ஒரே ஒரு கோட்டு போட்ட பையனைப் புடிச்சுக்கிட்டோம்.

அந்தக் கோட்டும் எதுக்குன்னு நினைக்கிறீங்க? இங்க பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணா தோட்டத்துல கொத்த விடுவாங்க. தண்டனையே விவசாயம்! நம்ம ஊருல? "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவே." கேக்காத காது உண்டா? அப்படி வளர்ந்த பையன் விவசாயத்தையே படிச்சு, அதுக்குக் கோட்டு மாட்டி நிக்கிறான்னா, அவங்க அம்மா அன்னைக்கு எப்படி நிமிர்ந்து நடந்திருக்கும்.

நான் பி.எஸ்சி. அக்ரி சேர்ந்தப்போ எங்க மாமா கேட்டார், "காட்டு வேலைக்கு எதுக்குடா காலேஜு?" வேலை கிடைச்சு இங்க வந்தப்புறம் அதே மாமா, "அப்பன் காடு தரிசாக் கெடக்கு, இவன் ஆப்பிரிக்காவுல கிழங்கு நோண்டுறான்." காட்டுல நின்னாலும் ஏச்சு, நிக்கலைன்னாலும் ஏச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. போன தடவை ஊருக்குப் போனப்போ இலையைத் திருப்பி ஈ எண்ணிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துட்டு வந்து அவரும் குனிஞ்சு எண்ண ஆரம்பிச்சார். எனக்கு ஒன்பது, அவருக்குப் பதினொண்ணு. அவர் கணக்குதான் சரின்னு சாதிச்சார்.

என்னை அந்தப் பதிவுல டேக் பண்ணி "உன் கருத்து என்ன"ன்னு கேட்டவங்களே, இதை அண்ணனுக்கு நீங்களே அனுப்பிடுங்க. காலையில ஒரு கமெண்ட் போட்டேன், அண்ணன் என்னை பிளாக் பண்ணிட்டார்.