அவசரத் தொடர்பு எண்

சில வருடங்களுக்கு முன் என் டீமில் ஒரு பெண் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர். திடீரென்று நாலைந்து மாதமாக ஆளே மாறிப்போனார். தாமதமாக வருவார். மீட்டிங்கில் போன் அதிர்ந்தால் பாதிப் பேச்சில் எழுந்து வெளியே ஓடுவார். அந்த வருட அப்ரைசலில் "கவனம் குறைந்திருக்கிறது" என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை. ஏன் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சீட்டிலேயே மயங்கிச் சரிந்தார். எச்.ஆரில் இருந்தவர் கோப்பைத் திறந்து, அவசரத் தொடர்பு எண்ணைப் பார்த்து, கணவரை அழைத்தார். கண் விழித்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "அவருக்குச் சொல்லிட்டீங்களா?" எங்களில் ஒருவர், "பயப்படாதீங்க, கிளம்பிட்டார், பத்து நிமிஷத்துல வந்துடுவார்" என்று ஆறுதல் சொன்னார். ஒருவர் என்ன ஒருவர், நான்தான். அவர் முகம் வெளுத்ததை மயக்கத்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அன்று எச்.ஆர். செய்ததில் விதிமீறல் எதுவுமே இல்லை. யாரிடமிருந்து அவர் தப்ப நினைத்தாரோ அவரிடமே எங்கள் விதி அவரை ஒப்படைத்தது.

"அது வீட்டுப் பிரச்சினை, ஆபீஸ் ஏன் தலையிடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டவன்தான். ஒருவர் அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறினால் விலாசம் மாறும், போன் நம்பர் மாறும். வேலை செய்யும் இடம் மட்டும் மாறாது. எத்தனை மணிக்கு எந்த வாசலில் அவரைப் பிடிக்கலாம் என்று அடிப்பவருக்கு நிச்சயமாகத் தெரியும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2005-ல் ஒரு செவிலியர், தான் வேலை பார்த்த மருத்துவமனைக்குள்ளேயே கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய முன்னாள் துணைவர், அதே மருத்துவமனையின் மருத்துவர். அங்கே 2010-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், குடும்ப வன்முறை வேலையிடத்துக்குள் வந்து ஊழியருக்குக் காயம் விளைவிக்கக்கூடும் என்று முதலாளிக்குத் தெரிந்தால் முன்னெச்சரிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கையும், குடும்ப வன்முறை வேலையைப் பாதிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு அதன் தாக்கத்தைக் குறைக்கச் சொல்கிறது.

சரி, குடும்ப வன்முறைக்கு நிறுவனத்தில் ஒரு கொள்கை என்றதும் எல்லோரும் முதலில் லீவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வேண்டியதுதான். பிலிப்பைன்ஸ் 2004-லேயே பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சம்பளத்துடன் 10 நாள் வரை தந்தது. நியூசிலாந்து 2019-ல், ஆஸ்திரேலியா 2023-ல் அதே 10 நாள். கோர்ட்டுக்கும் மருத்துவரிடமும் போக, புது வீடு தேட நாள் வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு சின்ன விதி: அந்த லீவின் பெயர் பே ஸ்லிப்பில் வரவே கூடாது. பே ஸ்லிப்பை வீட்டில் யார் பிரித்துப் படிப்பார் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நல்ல கொள்கைக்கும் சுவரில் மாட்டும் கொள்கைக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எம்.டி. கையெழுத்துப் போட்ட பத்துப் பக்கம் இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவரோ போனில் கேட்ட குரலுக்கு, "மேடம் இப்பத்தான் கிளம்பினாங்க சார்" என்று பணிவாகப் பதில் சொல்வார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? யாருடைய வருகையையும் கிளம்பும் நேரத்தையும் வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஷிப்ட் மாற்றுவது, இருக்கையை வாசலிலிருந்து உள்ளே தள்ளுவது, எக்ஸ்டென்ஷன் நம்பரை மாற்றுவது, கார் வரை ஒரு காவலரைத் துணைக்கு அனுப்புவது, இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் வேண்டாம். சம்பளம் போகும் வங்கிக் கணக்கை மாற்றக் கேட்டால், காரணம் கேட்காமல், வீட்டு விலாசத்துக்குக் கடிதம் அனுப்பாமல் மாற்றித்தர வேண்டும். கையில் சொந்தப் பணம் இல்லாதவரால் எங்கேயும் போக முடியாது.

அப்புறம், நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று. "வேணும்னா கொஞ்ச நாள் வீட்டிலிருந்து வேலை பாருங்க" என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொல்வார். சிலருக்கு அது உதவும். வேறு சிலருக்கோ ஒரு நாளில் நிம்மதியாக மூச்சுவிடும் எட்டு மணி நேரம் ஆபீஸில்தான் கிடைக்கிறது. அதையும் பிடுங்கிவிடாதீர்கள், எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

மேனேஜர் மனநல ஆலோசகராக வேண்டியதில்லை. அவசரப்பட்டு "விட்டுட்டு வந்துடுங்க" என்று உபதேசிக்கவே வேண்டாம். பிரிந்து வரும் காலம்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தானது. எப்போது, எப்படி என்று அவருக்குத்தான் தெரியும். "உங்களை நம்பறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, உதவி செய்யறவங்க நம்பர் என்கிட்ட இருக்கு" என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

"தவறாகப் பயன்படுத்துவாங்களே?" லீவுக்குப் பொய் சொல்ல நினைப்பவருக்குக் காய்ச்சல் இருக்கிறது, பாட்டி இருக்கிறார். "வீட்டில் அடிக்கிறார்கள்" என்று மேலதிகாரி முன் நின்று சொல்வது ஒருவருக்கு எவ்வளவு கூச்சம் என்பதை யோசியுங்கள். ஆண்கள் அடி வாங்கினால் அதைவிடக் கூச்சம். கொள்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான். முதல் இரண்டு மூன்று நாள் லீவுக்காவது போலீஸ் புகார் நகல் கேட்காதீர்கள். அடிப்பவரும் அதே நிறுவனத்தில் வேலை செய்யலாம், ஆபீஸ் போனிலிருந்தே மிரட்டலாம். அவர் மீது நடவடிக்கை உண்டு என்றும் எழுதிவைக்க வேண்டும்.

மயங்கி விழுந்த இரண்டு மாதத்தில் அந்தப் பெண் வேலையை விட்டார். ராஜினாமாக் கடிதத்தில் "தனிப்பட்ட காரணங்கள்" என்றிருந்தது. ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் ஒரே ஒரு மாற்றத்துக்காக ஒரு வருடம் நச்சரித்தேன். அவசரத் தொடர்புப் படிவத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், "யாரை அழைக்கலாம்" என்பதற்குக் கீழே "யாரை அழைக்கக் கூடாது" என்று ஒரு கட்டமும் வேண்டும். எச்.ஆரில், "இதை யார் நிரப்பப்போறாங்க?" என்று சிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள். எத்தனை பேர் நிரப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தைப் பார்க்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அதில் நான் இல்லை.