ரேகை தேய்ந்த கைக்கும் ரேஷன் வேண்டும்

"ஏறல பாட்டி, அடுத்த விரல வைங்க." சென்னையில் எந்த ரேஷன் கடையிலும் கேட்கிற குரல் இது. பத்து விரலும் வைத்துப் பார்த்தாச்சு, பச்சை விளக்கு எரியவில்லை என்றால் அரிசி இருந்தும் பை காலிதான்.

வயதாக ஆகத் தோல் வறண்டு மெலியும், ரேகை மேடுகள் தேய்ந்து சமமாகிவிடும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கை, சிமென்ட் கலவை அள்ளிய கை இன்னும் சீக்கிரம் தேயும். அதாவது யாருக்கு ரேஷன் அதிகம் தேவையோ, அவர்களைத்தான் ரேகை படிக்கும் கருவி அதிகம் திருப்பி அனுப்புகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் லேசான ஈரப்பதத்தோடு வைக்க வேண்டும். நுனியை வைக்கக் கூடாது; நகத்துக்குப் பின்பக்கச் சதை முழுவதும் தட்டையாகப் பட வேண்டும். பதற்றத்தில் பலர் அழுத்துவார்கள், அழுத்தினால் இருக்கிற ரேகையும் நசுங்கி ஒன்றாகத் தெரியும். கருவியின் கண்ணாடியில் முந்தைய ஆள்களின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். கருவிழிக் கருவி உள்ள கடையென்றால் அதையே முதலில் கேட்கலாம். ரேகைக்குப் பதில் போனுக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லும் வழி பெரும்பாலும் கைகொடுக்காது. அந்த எண் வரும் போன் வேலைக்குப் போன மகனின் சட்டைப் பையில் இருக்கும்.

கடைக்கே வர முடியாதவர்களுக்கு 'அங்கீகாரச் சான்று' இருக்கிறது. இதை வாங்கிவிட்டால் அவர்கள் சார்பாக வேறொருவர் பொருள் வாங்கலாம். சென்னையில் உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் இதைத் தருகிறார்கள். விஷயம் தெரியாமலே பலர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்து திரும்புகிறார்கள். கடைச் சுவரில் இதை எழுதி ஒட்ட என்ன தடை?

2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் தொடங்கியபோது அது தனித்து வாழும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் வைத்தது. மகன் பெயரும் அட்டையில் இருந்து, அவன் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவன் என்றால், பகலில் கடைக்குப் போவது யார்? மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் இருக்கும் அந்த அம்மாதான்.

விரல் ஏறவில்லை என்று சொல்லி யாரும் பொருளை மறுக்கக் கூடாது. மறுத்தால் 1967 அல்லது 1800 425 5901-க்கு அழைத்து, கடை எண்ணையும் அட்டை எண்ணையும் சொல்லிப் புகார் கொடுங்கள். துறையிடம் கேட்பது ஒன்றே: மூன்று மாதம் தொடர்ந்து விரல் ஏறாத முதியோர் அட்டைகளைக் கடைவாரியாகப் பட்டியல் எடுங்கள். படிவத்தோடு ஊழியர் அவர்கள் வீட்டுக்குப் போய் அங்கீகாரச் சான்றை அங்கேயே முடித்துக் கொடுக்கட்டும்.