தூண்டிலில் சிக்கிய மீனை இன்னொரு மீன் காப்பாற்ற வருகிறதா?

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டிலில் சிக்கிய பாஸ் (bass) என்ற நன்னீர் மீனை மற்றொரு பாஸ் படகு வரை பின்தொடரும் காணொளிகள், "துணையைக் காப்பாற்றத் துடிக்கும் மீன்" என்ற குறிப்புடன் பகிரப்படுகின்றன. பார்ப்பவர் மனம் இளகுவது இயல்புதான். ஆனால் அந்த விளக்கம் தவறு.

கூட்டமாகச் சிறுமீன்களை வேட்டையாடும்போது ஒரு பாஸ் திடீரெனப் பாய்ந்து தலையை உதறினால், அதன் வாயில் இரை இருக்கிறது என்பதே மற்ற மீன்களுக்குக் கிடைக்கும் செய்தி. ஆகவே அந்த இரையைப் பறிக்கவோ, சிக்கிய மீன் கக்கும் உணவை விழுங்கவோதான் அவை நெருங்குகின்றன. இதற்கு வலுவான சான்று தூண்டிலிலேயே கிடைக்கிறது: இரண்டு மும்முனைத் தூண்டில் முட்கள் பொருத்திய செயற்கை இரையை ஒரு மீன் கவ்வியிருக்கையில், வெளியே தொங்கும் மற்ற முள்ளைப் பின்வந்த மீன் கடித்து, இரண்டும் ஒன்றாகப் பிடிபடுவதுண்டு. காப்பாற்ற வந்த மீன் இரையைக் கடிக்க வேண்டிய தேவை என்ன?

புளோரிடா கடலில் டொராடோ என்ற கடல்மீனைப் பிடிப்போர், இப்படிப் பின்தொடரும் பழக்கத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். சிக்கிய ஒரு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவைத்து, அதன் கூட்டத்தைப் படகருகே நிறுத்துகிறார்கள்.

பாஸ் மீனிடம் பாதுகாக்கும் குணமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது.