.315 பெரிசு, அதனால் அடியும் பெரிசா?

எந்த ரைபிள் வாங்கலாம் என்ற பேச்சில் ஒரு அண்ணன், “தில்லியில் லைசென்ஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு .315 ரைபிள் வாங்கு, .30-06-ஐவிட எண் பெரிசு, அடியும் பெரிசு” என்கிறார். மன்னிக்கணும், எண் சொல்வது குழாயின் துளை அளவைத்தான், அதுவும் அங்குலத்தில். ஒன்று 8 மி.மீ., மற்றது 7.62. அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

அடியை, அதாவது குண்டு தாக்கும் சக்தியைத் தீர்மானிப்பது தோட்டா உறையில் எவ்வளவு வெடிமருந்து பிடிக்கிறது, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதுதான். .315-இன் உறை மான்லிஷர் என்ற பழைய ஆஸ்திரிய ராணுவ ரைபிளின் வழி வந்தது, நீளம் சுமார் 50 மி.மீ. .30-06, அமெரிக்க ராணுவம் 1906-இல் கொண்டுவந்தது, 63 மி.மீ. இரண்டு உறைகளையும் மேசையில் நிறுத்திப் பாருங்கள், பின்னது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக நிற்கும். .315-இல் குண்டு கனம், ஆனால் வேகம் கம்மி, அதனால் அடியும் .30-06-ஐவிடக் கம்மிதான்.

இன்னொன்று, இங்கே கிடைக்கும் .315 பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் அமைப்பு. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) பூட்டும் காதுகள் பின்பக்கம். தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில் ஸ்பிரிங் எதிர்க்கும் (முதல் தடவை நான் சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன்). தோற்றம் அந்த ராணுவ .303 ரைபிள் மாதிரி இருக்கிறதே என்று அந்தத் தோட்டாவைத் திணித்துப் பார்க்க வேண்டாம். உறையும் வேறு, குண்டும் வேறு.

அப்புறம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்குக்கு வேட்டையாட முடியாது. அட்டைக் குறிக்குச் சுடத்தான் என்றால், தோட்டா எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று முதலில் கடையில் கேளுங்கள்.