மூக்கனேரிக்குப் பார்வையாளர் மையம் கட்டுவதானால்

சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மூக்கனேரிக்குப் பறவை பார்க்க வரும் பிள்ளைகள் நிழலில் உட்காரவும், பார்த்தது முக்குளிப்பானா நாமக்கோழியா என்று தெரிந்துகொள்ளவும் ஓர் இடம் வேண்டும். நண்பர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் நானும் ஆமாம் போடுகிறேன். ஆனால் பேச்சு அடுத்து போகும் திசைதான் பயமாக இருக்கிறது. கரைமேல் இரண்டு மாடி, தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, ராத்திரியில் கலர் விளக்கு, ஒரு செல்ஃபி மேடை. மொட்டைமாடியில் நாலு சோலார் தகடு வைத்துவிட்டால் பசுமைக் கட்டடம் ஆகிவிடுமாம்.

ஆகாது. அந்தக் கண்ணாடியில் வானமும் மரமும் தெரியும். பறவை அதை வானம் என்றே நம்பிப் பறந்து வந்து மோதும். ராத்திரி வெளிச்சமோ, மரங்களில் வந்து அடையும் பறவைகளைக் கலைக்கும்.

முதலில் இடத்தை முடிவு செய்ய வேண்டும், கல்லும் மண்ணும் அப்புறம். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், கடந்த பத்தாண்டு சராசரி உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகள் அந்த விதிக்குள் வராது. சட்டம் கேட்காவிட்டாலும் அந்த 50 மீட்டரை நாமே விட்டுக்கொடுக்கலாமே! தண்ணீர் ஓரத்துச் சேறும் கோரையும்தான் பறவைகள் மேயும் இடம், முட்டையிடும் இடம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கோடி போகும் பாதையையும் மறிக்கக் கூடாது. லண்டனில் 2000ஆம் ஆண்டு திறந்த ஈரநில மையத்தைக் கைவிடப்பட்ட பழைய நீர்த்தேக்கங்கள் இருந்த இடத்தில்தான் அமைத்தார்கள். நாமும் ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தைத் தேடலாம். பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம் ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது, சிமெண்டும் குறைவாகத்தான் செலவாகும்.

நல்ல முன்மாதிரி ஏரிக்குள்ளேயே இருக்கிறது. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு தூர்வாரியபோது அந்த மண்ணை ஏரிக்குள்ளேயே குவித்துத் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்று பறவைகள் அங்கே இருக்கின்றன. திட்டுக்கான மண் ஏரியிலேயே கிடைத்த வேலை அது.

கட்டடமும் அப்படியே இருக்கட்டும். ஒரே தளம். அடித்தளத்துக்கும் சுவருக்கும் நம்ம ஊர்க் கருங்கல், பூச்சுக்குச் சுண்ணாம்பு. சிமெண்டுக்காக அரைக்கும் கிளிங்கர் என்ற கட்டியை 1,450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். காய்ந்து இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் திரும்ப எடுத்தும் கொள்ளும். செங்கல் வைப்பதானால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம், அந்த வெற்றிடமே சித்திரை வெயிலின் சூடு உள்ளே வருவதைக் குறைக்கும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, சுற்றி அகலமான தாழ்வாரம், மேலே ஓடு. மூங்கில் போட்டால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் வண்டு அரித்துவிடும். ஏரியைப் பார்க்க, பறவைகள் நம்மைக் கண்டு மிரளாதபடி தனியாக ஒரு மறைப்புச் சுவர் போதும். அதில் பெரியவர் உயரத்துக்கும், சின்னப்பிள்ளை உயரத்துக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தனித்தனியாக நீளத் துவாரங்கள் விட வேண்டும். சரிவுப் பாதை இல்லாத மையம் யாருக்கு?

கழிவறையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. சேலத்து ஏரிகளைக் கொல்வது சாக்கடைதான். ஏரியைக் காட்டக் கட்டிய இடத்தின் கழிவே ஏரியில் கலந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. செப்டிக் தொட்டிக்குப் பிறகு கழிவுநீரை வடிகட்ட ஜல்லிப் படுகை அமைத்து, அதில் சம்புக் கோரையும் கல்வாழையும் வளர்த்து, வடிந்த தண்ணீரை மரங்களுக்கே விட வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிடப் பெரிய பாடம் உள்ளே ஒட்டப்போகும் எந்தப் படத்திலும் இல்லை.

இன்னொன்று, பணம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் இந்த ஏரிக்கு உயிர். அவை குப்பையால் அடைபட்டுக் கிடந்தால் மையம் எதைக் காட்டும்? ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை வரத்து வாய்க்காலுக்கென்று முதலிலேயே எழுதி வைக்கச் சொல்லி மனு கொடுப்போம். கன்னங்குறிச்சிப் பக்கம் பயன்படாமல் நிற்கும் பொதுக்கட்டடம் எதையாவது பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.